பேச்சுக்குச் சொன்னது

தடத்தின் நடுவில் புல் இல்லாததை மெய்யநாதன் முதலில் ஒரு வசதியாகத்தான் எடுத்துக்கொண்டான். ஆள் போகாத காட்டுப் பாதை என்றால் இரண்டு பக்கமும் சக்கரம் பதிந்த பள்ளமும், நடுவில் முழங்கால் உயரத்துக்குப் புல்லும், அந்தப் புல் ஜீப்பின் அடியில் சரசரவென்று உரசிக்கொண்டே வருகிற சத்தமும் இருக்க வேண்டும். இங்கே செம்மண் ஓரத்துக்கு ஓரம் வழித்துத் துடைத்தாற்போல் கிடந்தது. மரத்தடிகளில் கணுக்கால் புதைய உதிர்ந்து கிடந்த தைலமரச் சருகுகள் தடத்தின் ஓரம் வந்ததும் கோடு கிழித்தது போல் நின்றுவிட்டன.

"யாரோ கூட்டியிருக்காக" என்றாள் கண்ணம்மை.

"காட்டையா? காத்துல பறந்திருக்கும்."

காற்று எங்கே அடித்தது என்று அவள் கேட்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டுப் பிரயோஜனமில்லை என்பது அவளுக்கு அத்துப்படி.

காரைக்குடியில் தங்கள் பூர்வீக வீட்டின் முன்பாதியை அவர்கள் விருந்தினர் விடுதியாக மாற்றியிருந்தார்கள். வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆத்தங்குடித் தரையும் தேக்குத் தூணும் ஒரு நாளைக்குத்தான் தாங்கும். மறுநாள் காலைக் காப்பியோடு, வேறு என்ன இருக்கிறது என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களுக்காக வாங்கியதுதான் இந்தப் பழைய ஜீப். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. அவர்களுக்காக என்பது ஊருக்குச் சொல்வது. வாங்கிய நாள்முதல் மெய்யநாதன் பொட்டல், கண்மாய்க்கரை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. புதுப் பொம்மை கிடைத்த பிள்ளைகூட ராத்திரி தூங்கும், இவன் செல்போனில் செயற்கைக்கோள் படத்தை விரித்து வைத்துக்கொண்டு கிடந்தான். அப்படித்தான் அமராவதிபுதூர்ப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து காட்டைக் குறுக்கே வெட்டி, மறுபடி மெயின் ரோட்டிலேயே வந்து ஏறுகிற இந்தத் துண்டுத் தடம் கண்ணில் பட்டது. நாலைந்து கிலோமீட்டர் தேறினால் அதிகம். பேர் கிடையாது. விசாரித்த யாருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

வெள்ளைக்காரப் பெண்கள் இடுப்பு ஒடியாமல் போய்வர முடியுமா என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்லத்தான் கண்ணம்மை வந்தாள். அதுவும் அரைமனதாக. மகள் விசாலிக்கு அன்றைக்குத்தான் காய்ச்சல் விட்டிருந்தது. விடுதியில் அன்றைக்கு விருந்தாளி யாரும் இல்லை. சமையலுக்கு இருக்கிற பொன்னுத்தாயியின் பொறுப்பில் பிள்ளையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். விளக்கு வைப்பதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது கண்ணம்மையின் ஒரே நிபந்தனை.

தைலமரங்கள் முடிந்து கருவேலங்காடு தொடங்கியது. வெயில் மரங்களுக்கு மேலேயே தங்கிவிட்டது போல் கீழே ஒரு மங்கல். மெயின் ரோட்டு லாரிகளின் இரைச்சல் எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. நின்றுவிட்டது என்பது மட்டும் திடீரென்று உறைத்தது. காடை, கவுதாரி, ஒரு கரிச்சான், எதுவும் இல்லை. எஞ்சின் சத்தம்கூட வெளியே போய்ப் பரவாமல் ஜீப்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. முள் கிளைகள் இரண்டு பக்கமும் அடர்ந்திருந்தும் ஒன்றுகூட வண்டியில் கீறவில்லை. தடத்தின் பக்கம் நீண்ட கிளைகள் எல்லாம் பின்னுக்கு வளைந்திருந்தன, பந்தியில் ஆள் நுழைய வழிவிட்டு ஒதுங்குகிற மாதிரி.

காட்டின் நடுவே ஓர் ஊருணி இருந்தது. செம்புராங்கல் படிகள் நாலு பக்கமும் இறங்கின. சுற்றிலும் ஊர் இல்லை, இடிந்த சுவர்கூட இல்லை. தண்ணீர் மட்டும் இருந்தது, கறுத்து, அசையாமல். தடம் ஊருணியை ஒட்டி ஒரு பள்ளத்தில் இறங்கி மறுகரையில் செங்குத்தாக ஏறியது.

"நீ டிபனை எடுத்து வை. நான் அந்த ஏத்தத்தைப் பாத்துட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு மெய்யநாதன் இறங்கி நடந்தான்.

ஏற்றத்தில் மண் இறுக்கமாக இருந்தது. போர்வீல் லீவரைப் போட்டால் சிரமமில்லாமல் ஏறிவிடும். குனிந்து கைப்பிடி மண்ணை எடுத்து நெரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த வாசனை வந்தது. காட்டில் வரக்கூடாத வாசனை. பல வருஷம் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த பட்டுப் புடவையை உதறினால் வருமே, ரசகற்பூரமும் பழைய சந்தனமும் புழுக்கமும் கலந்து, அது. எங்கோ விசேஷத்துக்குக் கிளம்புகிறவர்கள் கடந்து போனது போல் ஒரு வீச்சு வீசி அடங்கியது.

கண்ணம்மையின் பேச்சுக் குரல் கேட்டது. போனில் பேசுகிறாள் என்று நினைத்தான். பிறகுதான் இங்கே சிக்னல் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அவன் திரும்பி வந்தபோது அவள் ஜீப்பின் முன்மூடியில் துண்டை விரித்து, வெள்ளைப் பணியாரத்தையும் மிளகாய்த் துவையலையும் எடுத்து வைத்துவிட்டு, ஊருணிப் படிகளைப் பார்த்துச் சிரித்த முகமாக நின்றுகொண்டிருந்தாள்.

"யாருகிட்டப் பேசுன?"

"அந்தா, ஒரு ஆச்சி படியேறி வந்தாக. வயசானவுக. நம்ம பக்கத்து ஆளு மாதிரித்தான் இருந்துச்சு, கண்டாங்கிச் சேலை கட்டி." அவள் கையைக் காட்டினாள். காட்டிய கை அப்படியே நின்றது. "இப்பத்தான நின்னாக."

படிகளில் யாரும் இல்லை.

செட்டிநாட்டு வீடுகளில் வந்தவரை "வாங்க" என்று சொல்வது வெறும் மரியாதை இல்லை. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் அத்தனை பேரும் தனித்தனியாக வந்து சொல்ல வேண்டும். யாராவது ஒருவர் சொல்ல விட்டுப்போனால், அவர் என்னை வாங்க என்று கேட்கவில்லை என்பதை வந்தவர் அடுத்த கல்யாணம்வரை மனதில் வைத்திருந்து, அங்கே பத்துப் பேர் முன்னால் எடுத்து வைப்பார். அந்த வளர்ப்பு கண்ணம்மைக்கு. எதிரே முகம் தெரிந்தால் அவள் நாக்கு தானாக வாங்க என்றுவிடும். சாப்பாட்டைப் பிரித்து வைத்திருக்கும்போது ஆள் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

"வாங்க ஆச்சி, ஒரு வாய் சாப்புடுங்கன்னேன். எந்தக் கோயில் பங்காளிகன்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லல. வாயே தெறக்கல." அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "பின்னால இன்னும் ஆளுக ஏறி வந்துக்கிட்டு இருந்தாக. எல்லாரும் நனைஞ்சு போயி. நான் எல்லாரையும் வாங்கன்னுட்டேன்."

மெய்யநாதன் படிக்கட்டின் ஓரம்வரை போனான். செம்புராங்கல்லில் ஈரம் இல்லை. மண்ணில் கண்ணம்மையின் செருப்புத் தடம் மட்டும் இருந்தது. தண்ணீரைப் பார்த்தான். இவ்வளவு நேரம் அசையாமல் கிடந்த தண்ணீர் இப்போது படிகளில் மெல்ல மோதிக்கொண்டிருந்தது. கூட்டமாகக் குளித்து ஏறிய பிறகு ஊருணி அலம்புமே, அப்படி.

அவன் பயந்தான். சின்ன வயதில்கூட இப்படிப் பயந்ததில்லை. ஆனால் ஆம்பிளை முகத்தில் பயம் தெரியக்கூடாது என்கிற பாழாய்ப்போன பழக்கம் அவனை விடவில்லை.

"ஏறு வண்டியில. கெளம்புவோம்."

யாரும் எதையும் சாப்பிடவில்லை. கண்ணம்மை துண்டோடு சுருட்டி எடுத்துக்கொண்டாள்.

பள்ளத்தில் இறங்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை ஒத்துக்கொள்ளத்தான் நேரம் பிடித்தது. ஏற்றத்தின் பாதியில் ஜீப் திணறியது. போர்வீல் லீவரைப் போட்டும், முதல் கியரிலும், எஞ்சின் முனகியது. பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் கிறீச்சிட்டுத் தாழ்ந்தன. முன்பக்கம் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தது. போன மாசம் சொந்தக்காரர்களை அடைத்து ஏற்றிக்கொண்டு பிள்ளையார்பட்டிக்குப் போனபோது வண்டி இப்படித்தான் இழுத்தது. அன்றைக்குப் பின்னால் உட்கார இடமில்லாமல் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது இரண்டே பேர்.

"என்னங்க, வண்டி ஏன்..."

"மண்ணு."

மண் இல்லை. கையால் நெரித்துப் பார்த்திருக்கிறான்.

ஏற்றம் முடிந்து சமதளம் வந்தது. வண்டியின் கனம் குறையவில்லை. பின்சீட்டின் ரெக்ஸின் லேசாக நெறுநெறுத்தது. உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து மற்றவருக்கு இடம் விடுகிற சத்தம். அந்தப் பட்டு வாசனை இப்போது அவனுடைய பிடரிக்குப் பின்னால் இருந்தது. கண்ணாடியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான். சீட் காலியாக இருந்தது. காலியான சீட்டில், பக்கத்துக்குப் பக்கம் நெருக்கமாக, பள்ளங்கள் விழுந்திருந்தன.

கண்ணம்மை திரும்பிப் பார்க்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது மூடிக்கொள்வதைப் போல.

காடு கலைந்து பொட்டல் தெரிந்தது. எதிரே ஓர் ஆட்டுமந்தை தடத்தை அடைத்துக்கொண்டு வந்தது. ஆட்டைப் பார்த்ததில் மெய்யநாதனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உயிருள்ள ஜந்து. அவன் ஹாரனில் கை வைக்குமுன் மந்தை இரண்டாகப் பிரிந்தது. ஜீப்புக்கு வேண்டிய அகலம் மட்டும் இல்லை. ஒரு தேர் போகிற அகலம். ஒன்றின்மேல் ஒன்று ஏறி இரண்டு ஓரத்திலும் நசுங்கி நின்றன. ஒன்றுகூடக் கத்தவில்லை. பின்னால் வந்த மேய்ப்பர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பி நின்றார்.

வண்டி கடந்தது. கண்ணாடியில் பார்த்தான். ஆடுகள் சேரவில்லை. வழி அப்படியே திறந்து கிடந்தது. அந்த வழியாக இன்னும் யாரோ வந்துகொண்டிருக்கிறார்கள் என்பது போல, எவ்வளவு தூரம் வந்து பார்த்த பின்னும், ஆடுகள் இரண்டு ஓரத்திலும் ஒட்டியே நின்றன.

மெயின் ரோடு. தார். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இடது பக்கம் காரைக்குடி, வலது பக்கம் தேவகோட்டை. மெய்யநாதன் வண்டியை நிறுத்தினான்.

"கண்ணம்மை. அவுககிட்ட வேற என்ன சொன்ன?"

அவள் மடியில் இருந்த துண்டுச் சுருட்டை இறுக்கிக்கொண்டாள்.

"சொல்லுத்தா."

"சும்மா பேச்சுக்குத்தாங்க சொன்னேன்." அவள் அழ ஆரம்பித்தாள். "சாப்பிடாம நின்னாகளா, மனசு கேக்கல. காரைக்குடியிலதான் இருக்கோம், ஒருநா எல்லாரும் வீட்டுக்கு வாங்கன்னு..."

வீட்டில் விசாலி இருந்தாள். காய்ச்சல் விட்ட உடம்போடு, ஏழு வயதுப் பிள்ளை. அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை. ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தான்.

"எங்குட்டுப் போறீக? பிள்ளை வீட்டுல இருக்கு!"

"பிள்ளை இருக்குன்னுதான் போகல. இதுகள ஏத்திக்கிட்டு நான் வீட்டுக்குப் போக மாட்டேன். விடிய விடிய ஓட்டுனாலும் சரி."

அவன் தேவகோட்டைப் பக்கம் பார்த்து ஓட்டினான். கொஞ்ச தூரம்தான் போயிருப்பான்.

ஜீப் எழும்பியது.

ஒரே மூச்சில் இல்லை. ஒவ்வொன்றாக. பின்பக்கம் ஒரு குலுங்கு, ஒரு இலேசு. இன்னொரு குலுங்கு. ஓடுகிற வண்டியிலிருந்து நிதானமாக ஆட்கள் இறங்குவது போல. பட்டைகள் நிமிர்ந்தன. வாசனை போய்விட்டது.

கண்ணம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போயிட்டாகங்க. எறங்கிட்டாக. முருகா."

மெய்யநாதன் பிரேக்கை மிதித்தான். "எங்க போயிட்டாக?"

அவள் அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த நிம்மதி வடிவதை அவன் பார்த்தான்.

வண்டியைத் திருப்பினான். லாரிக்காரன் திட்டியது காதில் விழவில்லை. கண்ணம்மை போனை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் பொன்னுத்தாயி எடுத்தாள்.

"பொன்னுத்தாயி, கதவச் சாத்து! யாரு வந்தாலும் தெறக்காத!"

"தெறந்துதான் கெடக்கு ஆச்சி." பொன்னுத்தாயியின் குரல் சாவதானமாக இருந்தது. "பாப்பா மொகப்புல நிக்குது. ஆளுக வந்திருக்காக போலருக்கு, வாங்க வாங்கன்னுக்கிட்டு இருக்கு. நான் அடுப்படியில கெடந்தேன். இந்தா போயிப் பாக்குறேன்."

"போகாத! பிள்ளையத் தூக்கு! பொன்னுத்தாயி!"

போனைக் கீழே வைத்த சத்தம். துண்டிக்கப்படவில்லை. தூரத்தில் விசாலியின் குரல் வந்தது. மெல்லிய, வாஞ்சையான குரல். "வாங்க. வாங்க. வாங்க."

எத்தனை வாங்க என்று மெய்யநாதன் எண்ணவில்லை. காரைக்குடி வரும்வரை அது நிற்கவில்லை.

தெருவில் நுழைந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அந்த வீட்டில் வாசற்படியில் நின்று பார்த்தால் முகப்பு, நடுமுற்றத்து வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கதவு நிலைகள் ஒன்றுக்கு நேராக ஒன்று அமைந்து, கடைசியில் பின்வாசல்வரை கண் ஓடும். அத்தனை கதவும் திறந்திருந்தன. அத்தனை விளக்கும் எரிந்தன.

முகப்பின் நடுவில் விசாலி கைகூப்பி நின்றாள். எதிரே யாரும் இல்லை. அவள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒருவருக்கு முகத்தை நன்றாக உயர்த்தி. அடுத்தவருக்குக் கொஞ்சம் தாழ்த்தி. ஒரு முறை குனிந்து, தரையோடு தவழ்ந்து வருகிற எதையோ பார்த்து. "வாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். வளவில் பொன்னுத்தாயி ஒரு தூணோடு தூணாக ஒட்டி நின்றாள். கைகள் இரண்டும் மார்போடு நெருங்கி, கன்னம் தேக்கில் அழுந்தி, வாய் திறந்து. கத்தினாள் போலிருக்கிறது. சத்தம் வரவில்லை.

"விசாலி!"

கண்ணம்மை குதித்து ஓடினாள். படியேறியவள் நிலையில் நின்றுவிட்டாள். தோளை முன்னே கொடுத்துத் தள்ளினாள். மெய்யநாதன் அவள் பின்னால் பாய்ந்தான். மோதினான். ஈரம். சில்லென்ற ஈரத் துணி, எலும்பு, முதுகுகள். தேர்க்கூட்டத்தில் நசுங்குவது போல நசுங்கினான். கண்ணுக்கு முன்னால் வெறும் வாசல். வெறும் தரை. ஒரு அடி வைக்க இடமில்லை.

"விசாலி, இங்குட்டு வா! அப்பச்சிட்ட வா!"

பிள்ளை திரும்பிப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்த சந்தோஷம் முகத்தில் இருந்தது. "அப்பச்சி, இருங்க" என்றாள். யாரோ அவளிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அண்ணாந்து கேட்டாள். வந்தவர்கள் கிளம்பும்போது நீங்களும் நம்ம வீட்டுக்கு வாங்க என்பார்கள். அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்பது அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும்.

"சொல்லாத!" கண்ணம்மை அலறினாள். "விசாலி, சொல்லாதடீ!"

"சரிங்க ஆச்சி" என்று விசாலி தலையாட்டினாள். "வாரேன்."

வாசல் நிலையை அடைத்து நின்ற கூட்டம் திரும்பியது. எல்லாம் உள்பக்கம் பார்த்து நகர்ந்தன. விசாலியின் வலது கை தானாக மேலே போனது. பிறகு இடது கை. இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் நடக்கிற பிள்ளை மாதிரி அவள் வளவுக்குள் போனாள். இரண்டாங்கட்டு நிலைப்படி உயரம். அங்கே கைகள் இரண்டும் இழுபட, பாதங்கள் தரையை விட்டு எழும்ப, அவளைத் தூக்கி ஒரு வீசு வீசி அந்தப் பக்கம் இறக்கினார்கள். விசாலி கலகலவென்று சிரித்தாள். அடுப்படி நிலையிலும் தூக்கினார்கள். மறுபடி சிரித்தாள்.

மெய்யநாதன் நெருக்கத்துக்குள் கிடந்து பிறாண்டினான். நகங்களுக்குள் ஈரத் துணி இழைந்தது.

பின்வாசலில் வெளிச்சம் இல்லை. வெளியே தெரு இருக்க வேண்டிய இடம் கறுத்துக் கிடந்தது. அந்தப் படியிலும் பிள்ளையைத் தூக்கினார்கள். கொலுசு போட்ட இரண்டு கால்களும் இருட்டுக்கு எதிரே மேலே போயின. இறங்கவில்லை.